வீட்டு பிளான்ல எல்லாம் இருக்கு... ஏசி எங்கே பாஸ்?

கட்டப்போகும் வீட்டின் பிளான் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் குடும்பமே ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்துவிடும். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். கிச்சன் தென்கிழக்கு மூலையில் இருக்கிறதா என்று அம்மா தேடுவார். போர்ட்டிகோவில் கார் நின்ற பிறகு பைக்குக்கு இடம் இருக்குமா என்பது அப்பாவின் கவலை. ‘பூஜை ரூமுக்குப் பின்னாடி பாத்ரூம் சுவர் வருதா பாரு’ என்பார் பாட்டி. தன் ரூமுக்கு அட்டாச்டு பாத்ரூம் இருப்பதை உறுதி செய்துகொண்டதும் தம்பி எழுந்து போய்விடுவான்.

ஏசி எங்கே வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பிளானிலும் பெரும்பாலும் அது இருக்காது.

கிரகப்பிரவேசம் தை மாதம். அப்போது ஃபேனே போதும், ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். பங்குனியில் மாடி பெட்ரூமில் படுக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய், வட்டியில்லாத தவணையில் ஒரு 1.5 டன் ஏசி வாங்கி வருவார்கள். மறுநாள் மெக்கானிக் வந்து, அறைக்கு நடுவில் நின்று நாலு சுவரையும் பார்த்துவிட்டு, ‘எங்க சார் மாட்டணும்?’ என்று கேட்பார். பல லட்சம் செலவழித்துக் கட்டிய வீட்டில் அந்தக் கேள்விக்கு அப்போதுதான் முதல்முறையாகப் பதில் தேடுவோம்.

ஒரு சுவரில் ஜன்னல். இன்னொன்றில் லாஃப்ட். மூன்றாவதில் வார்ட்ரோப். மிச்சமிருக்கும் சுவருக்கு வெளியே அவுட்டோர் யூனிட் வைக்க இடமில்லை. கடைசியில் எங்கேயோ ஒரு மூலையில் மாட்டி, சுவரைத் துளைத்து, பவர் பாயின்ட்டுக்குப் புதிதாக காடி வெட்டி, புது பெயின்ட் மேல் வெள்ளைப் பட்டி பூசிவிட்டுப் போவார்கள். அந்தப் பட்டியின் தழும்பு அடுத்த பெயின்டிங் வரை நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இது அழகு சம்பந்தப்பட்ட பிரச்னை என்றால் இந்த வாரம் இதை எழுதியிருக்க மாட்டேன். துளை போடும் இடத்தில் பீம் இருந்தால்? கான்கிரீட்டைத் துளைக்கும் மெஷினுக்கு உள்ளே இருக்கும் கம்பி தெரியாது. பீமையோ காலத்தையோ துளைக்கும்போது கம்பி அறுபட்டால் பாதிக்கப்படுவது வீட்டின் எலும்பு. அதைப் பட்டி பூசிச் சரிசெய்ய முடியாது.

கோடுதானே... அதில் என்ன இருக்கு?

நம் ஊரில் சின்ன வீடு கட்டுபவர்கள் பலரிடம் இருப்பது ஒரே ஒரு பிளான்தான். அது பஞ்சாயத்திலோ மாநகராட்சியிலோ அப்ரூவல் வாங்குவதற்காக வரைந்தது. அறைகளின் அளவு, நாலு பக்கமும் விடவேண்டிய காலியிடம், செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புத் தொட்டி எல்லாம் அதில் இருக்கும். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-ல் கட்டாயமானது. அதன் பிறகு எந்த டிராஃப்ட்ஸ்மேனும் அதை வரைய மறப்பதில்லை. ஏசிக்கு அப்படி யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் அது கோட்டுக்கு வெளியிலேயே நிற்கிறது.

அப்ரூவல் பிளான் வேறு, சைட்டில் மேஸ்திரி கையில் இருக்க வேண்டிய ‘வொர்க்கிங் டிராயிங்’ வேறு. எலெக்ட்ரிக்கலுக்கு ஒரு ஷீட், பிளம்பிங்குக்கு ஒரு ஷீட் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். ஏசிக்கும் ஒரு ஷீட் கேளுங்கள். தனி ஷீட் வேண்டாம் என்றால் எலெக்ட்ரிக்கல் ஷீட்டிலேயே சேர்த்து வரையச் சொல்லுங்கள். அதிகபட்சம் அரைநாள் வேலை.

அதில் என்னென்ன இருக்க வேண்டும்? ஸ்பிளிட் ஏசி என்பது ஒரு பெட்டி அல்ல. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டையும் இணைக்கும் செப்புக் குழாய், உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் பைப், மின்சார ஒயர். இந்த ஐந்தும் படத்தில் தெரிந்தால்தான் ஏசி வரைந்ததாக அர்த்தம். சுவரில் ஒரு சின்ன செவ்வகம் போட்டு ‘ஏசி’ என்று எழுதிவிட்டால் ஐந்தில் ஒன்றைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

பிளானில் உள் யூனிட் என்பது சுவரை ஒட்டி ஒல்லியான செவ்வகமாக வரும். சுமார் மூன்றடி அகலம். அதே படத்தில் கட்டிலையும் வரையச் சொல்லுங்கள். காற்று நேராக முகத்தில் அடிக்குமா, கால்மாட்டில் போகுமா என்பது அப்போதுதான் தெரியும். மூட்டுவலி இருக்கும் பெரியவர்கள், கைக்குழந்தை படுக்கும் அறை என்றால் இது ரொம்ப முக்கியம். ‘அதான் ரிமோட்ல ஸ்விங் இருக்கே’ என்பார்கள். நடுராத்திரி மூன்று மணிக்கு இருட்டில் அந்த ரிமோட்டைத் தேடுவது யார்?

வெளி யூனிட் வீட்டுச் சுவருக்கு வெளியே இன்னொரு செவ்வகம். சிலர் அதற்குள் ஃபேனைக் காட்ட ஒரு வட்டம் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவே செப்புக் குழாய் போகும் பாதையை விட்டு விட்டு வரும் புள்ளிக் கோடாக வரைவார்கள். சுவருக்குள்ளே மறைந்தோ, நம் தலைக்கு மேலேயோ போகும் எதையும் புள்ளிக் கோட்டில் காட்டுவது வரைபட வழக்கம். அந்தக் கோடு நீண்டுகொண்டே போனால் செலவும் நீளும். ஏசியோடு பொதுவாக 3 மீட்டர் அளவுக்குத்தான் குழாய் தருவார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் தனிக்காசு. குழாய் நீள நீள குளிர்ச்சியும் கொஞ்சம் குறையும். அதனால் பிளானில் அந்தக் கோட்டின் நீளத்தைப் பார்த்தாலே பில்லில் ஒரு பகுதியைப் படித்துவிடலாம்.

ஆனால், பிளான் மட்டும் போதாது. பிளான் என்பது வீட்டை மேலிருந்து பார்ப்பது. எது எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அதில் தெரியாது. அதற்கு ‘செக்‌ஷன்’ வேண்டும். கேக்கை நடுவில் வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பார்ப்பது மாதிரி வீட்டை வெட்டிக் காட்டும் படம் அது. ஏசி விஷயத்தில் உண்மை வெளியே வருவது இந்தப் படத்தில்தான். லாஃப்ட்டுக்குக் கீழே யூனிட் இடிக்கிறதா, ஸ்க்ரீன் மாட்டும் பெட்டி காற்றை மறைக்கிறதா, குழாய் போகும் வழியில் பீம் குறுக்கே வருகிறதா... எல்லாம் தெரிந்துவிடும்.

முக்கியமாக டிரெய்ன் பைப்பின் சரிவு. சென்னை, கடலூர், நாகை மாதிரி புழுக்கமான ஊர்களில் ஒரே ராத்திரியில் ஏசியிலிருந்து லிட்டர் கணக்கில் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீரைத் தள்ள சாதாரண ஸ்பிளிட் ஏசியில் மோட்டார் கிடையாது. பள்ளத்தை நோக்கி அதுவாகத்தான் ஓட வேண்டும். அடிக்கு கால் அங்குலம் சரிவு கொடுத்தால் நிம்மதி. பைப் நடுவில் ஓர் இடத்தில் மேலே ஏறி இறங்கினால்கூட தண்ணீர் தேங்கி, பாசி பிடித்து, கட்டில் மேல் சொட்டும். டிரெய்னை செப்டிக் டேங்க் லைனில் நேராகக் கொண்டுபோய்ச் சொருகுபவர்களும் உண்டு. அந்த நாற்றம் அதே பைப் வழியாக பெட்ரூமுக்கு வரும். தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்பதையும் படத்திலேயே எழுதச் சொல்லுங்கள். தோட்டமா, மழைநீர்க் குழாயா? பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்தால் அது தெருச்சண்டை.

சுவர் எழும்பும்போதே, சரியான இடத்தில், இரண்டரை மூன்று அங்குல பி.வி.சி பைப் துண்டு ஒன்றை வெளிப்பக்கம் லேசாகச் சரித்துப் பதித்துவிட்டால் பிற்பாடு துளையே போட வேண்டாம். மழைநீரும் உள்ளே வராது. அந்தத் துண்டின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால், அது படத்தில் இருந்தால்தான் கொத்தனார் பதிப்பார். ஒயரும் அப்படியே. 1.5 டன் ஏசிக்கு 4 ஸ்கொயர் எம்.எம் ஒயர், தனி எம்.சி.பி என்று ஷீட்டில் எழுதியிருந்தால், லைட்டுக்கு இழுத்த ஒயரிலேயே ஏசியைக் கோக்கும் வேலை நடக்காது.

வெளியே தொங்குபவர் யார்?

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்குக் கோடைக்காலம் என்றால் இரண்டு வகைச் செய்திகள் நிச்சயம். ஒன்று, ஏசி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. அது நன்றாகப் படிக்கப்படும். இன்னொன்று, மாடியில் ஏசி பொருத்தும்போது தவறி விழுந்த தொழிலாளி பற்றிய நாலு வரி. அது பெரும்பாலும் ஊர்ப் பெயர், வயது, போலீஸ் விசாரணை என்பதோடு முடிந்துவிடும்.

அந்த நாலு வரியை டைப் செய்யும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்தச் சுவருக்கு வெளியே அவர் நிற்க ஓர் இடம் வரைந்திருந்தார்களா?

1.5 டன் ஏசியின் வெளி யூனிட் சுமார் 30 கிலோ இருக்கும். மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடின் ஒன்றரை அடி விளிம்பில் ஒருவர் நின்றுகொண்டு அதைத் தாங்கி பிராக்கெட்டில் ஏற்ற வேண்டும். இடுப்பில் கயிறு இருந்தால் அதிர்ஷ்டம். கயிறின் மறுமுனையை அறைக்குள் இருக்கும் ஹெல்ப்பர் கையில் பிடித்திருப்பார். இது ஒருமுறையோடு முடியாது. சர்வீஸ், கேஸ் நிரப்புவது, ஃபேன் மோட்டார் மாற்றுவது என்று வருடா வருடம் யாராவது அங்கே போயாக வேண்டும்.

அதனால் வெளி யூனிட்டுக்கு இடம் வரையும்போது பெட்டியின் அளவை மட்டும் வரைந்தால் போதாது. வழக்கமான யூனிட் பின்பக்கம், பக்கவாட்டிலிருந்து காற்றை இழுத்து முன்பக்கம் சூடாகத் தள்ளும். பின்னால் இடைவெளி, முன்னால் திறந்த வெளி, குழாய் இணையும் பக்கத்தில் கையும் ஸ்பேனரும் நுழையும் அளவு இடம். இதற்கெல்லாம் மேல், ஒரு மனிதர் நிற்க இடமும் அங்கே போக வழியும். பால்கனி வழியாகவோ மொட்டை மாடியிலிருந்தோ எட்டும்படி இருந்தால் கயிறுக்கே வேலை இல்லை.

அடுக்குமாடியில் ஃப்ளாட் வாங்குபவர்கள் பிரோஷரில் இருக்கும் பிளானைக் கூர்ந்து பாருங்கள். பெட்ரூம் சுவருக்கு வெளியே ஒரு குட்டிச் செவ்வகம் இருக்கும். ‘ஏசி லெட்ஜ்’ என்று பெயர். இருந்தால் நல்லது. ‘இதுக்கு உள்ளே இருந்து எப்படிப் போறது?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி திணறினால் புரிந்துகொள்ளலாம். எலிவேஷன் அழகாக இருக்க வேண்டும் என்று அந்த லெட்ஜை முழுக்க ஜாலி போட்டு மூடியும் விடுகிறார்கள். அப்போது ஃபேன் தள்ளிய சூடான காற்றையே யூனிட் திரும்ப இழுக்கும். குளிர்ச்சி குறையும், கரன்ட் பில் ஏறும். நம் அவுட்டோர் யூனிட் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து அனல் கக்காமல் இருப்பதும் படத்திலேயே முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

ஏசியே ஒரு வரைபடமாகப் பிறந்ததுதான்

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம். அங்கே வெயிலை விடப் பெரிய தலைவலி புழுக்கம். காற்றில் ஈரம் கூடினால் காகிதம் விரியும், குறைந்தால் சுருங்கும். அந்தக் காலக் கலர் பிரின்டிங்கில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக அச்சடிக்க வேண்டும். இடையில் காகிதம் விரிந்துவிட்டால் நிறங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தாது. பழைய பத்திரிகைகளில் அட்டைப்பட நடிகையின் லிப்ஸ்டிக் உதட்டை விட்டுத் தள்ளி நிற்குமே, அது மாதிரி. (சிவகாசியில் அச்சுத்தொழில் வேரூன்ற அந்த ஊரின் வறண்ட காற்றும் ஒரு காரணம் என்பார்கள்.)

அந்த அச்சகத்துக்குத் தீர்வு தேடியவர் வில்லிஸ் கேரியர். அப்போது வயது 25. குளிர்ந்த குழாய்ச் சுருள்களின் மேல் காற்றைச் செலுத்தினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராக இறங்கிவிடும் என்று கணக்குப் போட்டு அவர் வரைந்த படங்களில் இருக்கும் தேதி 1902, ஜூலை 17. நவீன ஏசியின் பிறந்தநாளாக இன்று சொல்லப்படுவது இந்தத் தேதிதான். உங்கள் வீட்டில் டிரெய்ன் பைப்பில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீரை வெளியே எடுப்பதற்காகத்தான் இந்த மெஷினையே முதலில் யோசித்தார்கள். ‘டன்’ கணக்கும் பழையதுதான். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அது ஒரு டன் ஏசி.

சினிமா தியேட்டர், மால், மருத்துவமனை மாதிரி பெரிய கட்டடங்களில் இந்த வரைபடம் தனி மொழி. சீலிங்கில் என்னென்ன இருக்கின்றன என்பதைத் தரையில் ஒரு கண்ணாடியைப் பரப்பிவைத்துப் பார்ப்பது போல ஒரு படம் வரைவார்கள். அதில் சதுரத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் குளிர்ந்த காற்று வெளியே வரும் வாய். ஒரே ஒரு சாய்வுக் கோடு இருந்தால் காற்றை உள்ளே இழுக்கும் வாய். பல நாடுகளில் இதுதான் வழக்கம். பாரிஸில் 1977-ல் திறந்த பாம்பிடு சென்டரில், வரைபடத்தில் ஒளிந்திருக்க வேண்டிய இந்தக் குழாய்களையெல்லாம் கட்டடத்துக்கு வெளியே கொண்டுவந்து பெயின்ட் அடித்துவிட்டார்கள். காற்றுக் குழாய்க்கு நீலம், தண்ணீருக்குப் பச்சை, மின்சாரத்துக்கு மஞ்சள், மனிதர்கள் போய்வரும் வழிக்குச் சிவப்பு.

சூடாக்கும் விஷயம் நமக்கு கீசரோடும் மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டரோடும் முடிந்துவிடுகிறது. பிளம்பிங் ஷீட்டில் சுடுதண்ணீர் லைன் சிவப்பு, பச்சைத்தண்ணீர் லைன் நீலம். அவ்வளவுதான். பனி கொட்டும் ஊர்களில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை ஜன்னலுக்கு நேர் கீழே வரைவார்கள். ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுக் குளிர்ந்து கீழே இறங்கும் காற்றை அங்கேயே மடக்குவதற்காக.

நீல அம்புக்குறியை நம்பாதீங்க

ஏசி வேண்டாம், காற்றோட்டமாக வீடு கட்டப்போகிறேன் என்பவர்களுக்கு ஆர்க்கிடெக்ட்கள் ஒரு செக்‌ஷன் காட்டுவார்கள். பார்க்கவே அழகாக இருக்கும். ஜன்னல் வழியே நீல அம்பு உள்ளே வரும். ஹாலைச் சுற்றும். சிவப்பு அம்பாக மாறி மேலே வென்டிலேட்டர் வழியாகப் போகும். செட்டிநாட்டு வீடுகளில் வெயில் காலத்தில் உள்ளே நுழைந்தாலே வித்தியாசம் தெரியுமே, அங்கே நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போகும், நிழலான பக்கத்திலிருந்து புதுக்காற்று வரும்.

ஆனால், அம்புக்குறி வரைந்ததாலேயே காற்று வந்துவிடாது. அந்த ஜன்னலுக்கு மூன்றடி தள்ளி பக்கத்து வீட்டுச் சுவர் இருக்கிறதா? அதைப் படத்தில் வரைந்திருக்கிறார்களா? பெரும்பாலும் இருக்காது. நம் வீடு வயல்வெளியில் தனியாக நிற்பது மாதிரி வரைந்திருப்பார்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வரும். கோவையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வீசும். சென்னைக்கு வரைந்த படத்தை கோவை மனையில் அப்படியே வைத்தால் அம்புகள் எல்லாம் பொய்.

வெயிலும் அப்படித்தான். ஏப்ரல் 24 வாக்கில், பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில், உச்சிவேளையில் சூரியன் சென்னைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நாள்களில் வெயிலை அதிகம் வாங்குவது மொட்டை மாடிதான். மத்திய மின்துறை 2018-ல் கொண்டுவந்த ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்புக் கட்டட விதிகளில், கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு தனியாக ஒரு வரம்பே வைத்திருக்கிறார்கள். அதனால் கூரைக்கு மேல் என்ன வருகிறது, செங்கல் ஜல்லி சுண்ணாம்பா, வெள்ளை டைல்ஸா, வெறும் சிமென்ட்டா என்பதை செக்‌ஷனில் அடுக்கடுக்காக எழுதச் சொல்லுங்கள். மேற்குச் சுவர் வாங்கும் வெயில் ராத்திரிதான் உள்ளே இறங்கும். அந்தப் பக்கம் பெட்ரூமா ஸ்டோர் ரூமா என்பதைப் பொறுத்துத்தான் ஏசி 1 டன்னா, 1.5 டன்னா என்பதே.

ஏற்கெனவே பாதி கட்டிவிட்டீர்களா? பரவாயில்லை. ஒயர் பைப்பும் டிரெய்ன் பைப்பும் சுவரில் பதித்து முடித்ததும், பூச்சு வேலைக்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்துவையுங்கள். பைப் பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்பது தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். எந்த அறை, எந்தச் சுவர் என்று எழுதி ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடுங்கள். பத்து வருடம் கழித்து ஏசி மாற்ற வரும் மெக்கானிக்குக் காட்ட அதுதான் வரைபடம். பூச்சு வேலை செவ்வாய்க்கிழமை ஆரம்பம் என்று மேஸ்திரி சொன்னால், திங்கட்கிழமை சாயங்காலமே ஒரு நடை சைட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.